புல் வெட்டிய கைதியும் பார்க்க வராத ஊரும்

சென்ற மாதம் எங்கள் ஊர்ச் சமூக மண்டபத்தில், ஒருவரைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனால் அவருடைய வீட்டார் செய்யத்தக்கது யாது என்பதைப் பற்றி ஒரு விளக்கக் கூட்டம் நடைபெற்றது. வழக்கறிஞரான இளம்பெண் ஒருவர் வந்து மிகத் தெளிவாகப் பேசினார். எந்த நிலையத்துக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்கலாம், வழக்கறிஞர் வரும்வரை பொறுக்கலாம், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடவேண்டாம் என்று அவர் விரல் மடக்கிச் சொல்லச் சொல்ல, கூடியிருந்தோர் குறித்துக்கொண்டனர். போலீஸ் நிலையங்களில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், முடிவில் என்னையும் இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள்.

"உங்க அனுபவத்துல, ஐயா, வீட்டுக்காரங்க முதல்ல செய்ய வேண்டியது என்னாங்க?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"போய்ப் பார்க்க வேண்டும்" என்றேன். மேற்கொண்டு பேச வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பின்வரிசையில் சிலர் சிரித்தனர். நான் சொன்னதன் பொருளை எழுதியாவது தரவேண்டும் என்று மண்டபத்தின் ஆண்டு மலர்க் குழுவினர் வீடு தேடி வந்து கேட்டதன் பேரில் இதனை எழுதலானேன்.

நான் முறையாகப் பள்ளி பயின்றவன் அல்லன். மலாயாவின் ரெம்பாவ் வட்டாரத்தில் ஆற்றோரமாக இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்த கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, பிள்ளைகளோடு மீன் பிடித்து மலாய் கற்றேன். பழைய நாளிதழ்களை எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழ் கற்றேன். வெள்ளைக்காரர் காலத்தின் கடைசியில், கடைத்தெருவிலிருந்த சிறிய போலீஸ் நிலையத்தில் பெருக்கவும் தண்ணீர் பிடிக்கவும் வேலைக்குச் சேர்ந்தேன். யுத்தம் வந்தது. முன்பிருந்த மொழிபெயர்ப்பாளர் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார். ஜப்பானியர் வந்ததும், இரு மொழி தெரிந்தவன் என்பதற்காக என்னை ஒரு மொழி வகுப்புக்கு அனுப்பி, கொஞ்சம் ஜப்பானிய மொழியையும் கன்னத்தில் நிறைய அறைகளையும் கொடுத்து, அதே நிலையத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். என் பயிற்சிக் காலம் இவ்வளவே.

அந்த நிலையம் தகரக் கூரை போட்ட மரக்கட்டடம். முன்னால் ஒரு வராந்தா. அதற்குள் ஒரு மேசை. பின்னால் இரும்புக் கம்பி போட்ட ஓர் அறை. கட்டடத்துக்கும் சாலைக்கும் நடுவே நல்ல அகலத்துக்குப் புல்தரை. சாலையின் எதிர்ப்புறம் தமிழ் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. அவரை நாங்கள் நானா என்போம். கடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அங்சானா மரம். அது பூ உதிர்க்கும் நாளில் சாலை மஞ்சளாகிவிடும்.

தோட்டத்து மக்கள் போலீஸைக் கண்டால் இரண்டில் ஒன்று செய்வார்கள். ஓடுவார்கள், அல்லது கும்பிடுவார்கள். இரண்டும் அங்கே உதவா. நிலையம் என்பது ஒரே ஆள் அன்று. அதற்குள் படிகள் இருந்தன. வாசலில் நிற்கும் மாத்தா என்னும் சாதாரணக் காவலன் மிரட்டுவான், ஆனால் அவனால் பிடிக்கவும் முடியாது, விடவும் முடியாது. பிடித்த ஆளைச் சில்லறைக் குற்றவாளியாகத் தம்மிடமே வைத்துக்கொள்வதா, பெரிய குற்றவாளி என்று அனுப்புவதா என்பது சார்ஜன் கையில் இருந்தது. அனுப்பினால் அந்த ஆள் ஜப்பானிய இராணுவப் போலீஸிடம் போவான். அதை நிலையத்தில் "மேலே" என்பார்கள். மேலே போனவர்களில் திரும்பி வந்தவர் ஒருவரையும் நான் என் கண்ணால் கண்டதில்லை. சயாமுக்கு இரயில் பாதை போட ஆள் பிடித்துத் தோட்டமே பாதியாகிப் போயிருந்த காலம் அது. ஓர் ஆள் காணாமற்போனால், எங்கே என்று கேட்பதற்கும் ஆளில்லை.

எங்கள் சார்ஜன் யூசோப் என்னும் மலாய்க்காரர். ஒல்லியானவர்; நரைத்த மீசையுள்ளவர். கஞ்சிக்கு அரிசி கிடையாத நாளிலும், மரவள்ளிக் கிழங்கு ஊறிய தண்ணீரில் முக்கித் தம் சீருடையை விறைப்பாக வைத்திருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். திருடன் ஒருவனை அவர் "நீங்கள்" என்று அழைத்தால், நாங்கள் அறையைவிட்டு வெளியே போய்விடுவோம். என்னைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார். மொழிபெயர்ப்பாளன் என்னும் பொருள்பட "ஜூருபாசா" என்பார். நான் அவரை, ஐயா என்னும் பொருள்பட, "துவான்" என்பேன். அவர் பேசியதெல்லாம் மலாய். நான் இங்கே தமிழில் தருகிறேன், அன்றும் அதுதானே என் வேலை.

பிடிபட்ட ஆள் வந்தவுடன் அவர் கேட்கும் முதற்கேள்வி, "சுடா மாக்கான்?" சாப்பிட்டாயா என்பது. இல்லை என்றால் கிழங்குத் துண்டு ஒன்று வரும். பிறகுதான் பெயர், தகப்பன் பெயர், தோட்டம். அதன் பின் உடம்பிலிருக்கும் துண்டு, கத்தி, கயிறு எல்லாவற்றையும் கழற்றி வாங்குவார்கள். கம்பியறைக்குள் கயிறு போகக்கூடாது என்பது விதி. எங்கள் ஆட்களுக்கு அங்கேதான் உயிர் போகும். பெயர் சொல்லும்போது அழாதவன், அரைஞாண் கயிற்றில் கை வைத்ததும் அழுதுவிடுவான்.

"ஒரு நூலுக்கு ஏன் இவன் இப்படி அழுகிறான்?" என்று ஒருநாள் சார்ஜன் என்னைக் கேட்டார்.

"துவான், எங்களிடத்தில் செத்தவன் இடுப்பிலிருந்துதான் அதை அறுப்பார்கள்."

அவர் மீசையை வருடிக்கொண்டார். விதியை அவர் மீறவில்லை. கயிற்றைக் கழற்றச் சொன்னார். ஆனால் அதைப் பெட்டியில் போடாமல், கம்பியறைக்கு வெளியே, கைக்கு எட்டாமலும் கண்ணுக்குத் தெரியும்படியும் ஓர் ஆணியில் மாட்டச் சொன்னார். "உன் கயிறு அங்கே இருக்கிறது, பார்த்துக்கொள் என்று சொல், ஜூருபாசா." அன்று முதல் அந்த ஆணிக்கு அதுவே வேலை.

இனி, அங்கமுத்துவின் வழக்கைச் சொல்கிறேன்.

அங்கமுத்து எங்கள் தோட்டத்து ஆள்; லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் எங்களோடு குடியிருந்தவர். என்னைவிடச் சற்று மூத்தவர். நான் அண்ணன் என்று அழைத்தவர். உப்புக்குக் கடும் பஞ்சம் வந்தபோது, அவர் தோட்டங்களின் ஊடே ஒற்றையடிப் பாதையில் நடந்து லுக்குட் கடற்கரைக்குப் போய், தகரத்தில் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்து, காவடி கட்டித் தூக்கி வந்தார். வழியில் பாலத்துக் காவலில் பிடிபட்டார். உப்பு கொண்டுவந்ததற்குக்கூட அவ்வளவு கேடில்லை. அந்த உப்பு வாழையிலைப் பொட்டலங்களாக, எல்லாம் ஒரே அளவாகக் கட்டப்பட்டிருந்தது. காட்டில் ஒளிந்திருந்து ஜப்பானியரை எதிர்த்தவர்களுக்கு ஊரார் சோறும் உப்பும் கொடுக்கிறார்கள் என்ற சந்தேகம் அப்போது எங்கும் இருந்தது. பொட்டலங்களைப் பார்த்த எவனோ மேலே சொல்லிவிட்டான்.

"யாருக்கு இத்தனை?" என்று சார்ஜன் கேட்டார்.

"லயத்துக்குங்க. வீட்டுக்கு ஒண்ணு" என்றார் அங்கமுத்து. "ஒருத்தருக்குக் கொறஞ்சா ஒருத்தரு சண்டைக்கு வருவாங்கல்ல. அதான் ஒரே மாதிரி கட்டுனேன்."

நான் மொழிபெயர்த்தேன். சார்ஜன் சிரிக்கவில்லை. வராந்தாவில் நடந்தார், வந்தார். கடைசியில், அனுமதியின்றிச் சரக்குக் கொண்டுவந்த சில்லறைக் குற்றம் என்று எழுதி, ஜில்லா ஆபீசில் அதற்கொரு தண்டனையும் வாங்கினார். நிலையத்துப் புல்தரையை வெட்டிச் செம்மைப்படுத்த வேண்டும், அதுவே தண்டனை. அரைஞாணை ஆணியில் மாட்டிவிட்டு அங்கமுத்துவின் கையில் புல்வெட்டும் கத்தியைக் கொடுத்தார்கள்.

எனக்கு விளங்கவில்லை. சார்ஜன் என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"பெரிய குற்றவாளி கையில் எவனாவது கத்தி கொடுப்பானா, ஜூருபாசா?"

"மாட்டான், துவான்."

"அப்படியானால் இவன் யார்?"

"சின்னக் குற்றவாளி."

"அது ஒன்று. இன்னொன்று கேள். உள்ளே வைத்த ஆள் என் ஆள். மேலேயிருந்து கேட்டால் நான் கொடுத்தாக வேண்டும். வெளியே புல் வெட்டுகிற ஆள் ஊராருடைய ஆள். நேற்றுப் பார்த்தோமே, இன்று எங்கே என்று ஊர் கேட்கும். கேட்கிற ஊரிலிருந்து ஆளைத் தூக்க அவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள். நிச்சயம் வருவார்கள். வரும்போது இவன் புல்தரையில் இருக்க வேண்டும். சாலையில் ஜனம் இருக்க வேண்டும்."

இதுதான் அவருடைய வழி. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாதது. இதை நான் விளங்கிக்கொண்டேன். ஆனால் புல் வெட்டியவர் விளங்கிக்கொள்ளவில்லை.

அங்கமுத்து தோட்டத்தில் பேர்போன வேலைக்காரர். கொடுத்த நிரையை முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது தோட்டத்து வழக்கம். அவர் குனிந்தார், நிமிரவேயில்லை. காலையில் தொடங்கியவர் உச்சிப் பொழுதுக்குள் பாதித் தரையை மொட்டையடித்துவிட்டார். சார்ஜன் வெளியே வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பெலான்-பெலான்!" என்றார். மெல்ல, மெல்ல என்று அர்த்தம்.

அங்கமுத்து என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, சுத்தமா இல்லைங்கறாரா?"

"ரொம்பச் சுத்தமா இருக்குன்னுதான் கவலைப்படறாரு, அண்ணே. மெதுவா வெட்டுங்க."

"மெதுவாவா? முடிச்சாத்தானே விடுவாங்க?"

"முடிச்சா உள்ள போகணும். புல்லு இருக்கிற வரைக்கும்தான் வெளிய இருக்கலாம்."

அவர் வெட்டிய தரையைத் திரும்பிப் பார்த்தார். தன் உழைப்பைக் கண்டு ஒருவர் அவ்வளவு வருந்தி நான் பார்த்ததில்லை. "மொதல்லயே சொல்லக் கூடாதா லா" என்றார். அதன்பின், ஒரு கைப்பிடி வெட்டுவார், கத்தியைத் தீட்டுவார், வானத்தைப் பார்ப்பார். சார்ஜன் வராந்தாவைக் கடக்கும்போதெல்லாம் "பெலான்-பெலான்" என்பார். இவரும் குனிந்தபடியே "பெலான்-பெலான், துவான்" என்று திருப்பிச் சொல்வார். வேறு மலாய் அவருக்கு வராது. இரண்டொரு நாளில் அது அவர்களுக்குள் முகமன் கூறுவது போலாகிவிட்டது.

புல் விஷயம் சரியாயிற்று. சாலைதான் சரியாகவில்லை.

தோட்டத்திலிருந்து கடைத்தெருவுக்கு வர அந்தச் சாலை ஒன்றுதான் நல்ல வழி. அன்றாடம் யாராவது கிழங்கு விற்கவோ மண்ணெண்ணெய் தேடியோ வந்து போவார்கள். அங்கமுத்து புல்தரையில் இறங்கிய நாள் முதல் ஒருவரும் வரவில்லை. வந்த ஒரு சிலரும் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னாலுள்ள சேற்றுப் பாதையில் முழங்கால் அளவு இறங்கிப் போனார்கள். தப்பித் தவறிச் சாலையில் வந்துவிட்டவர்கள் முந்தானையையோ துண்டையோ முகத்தருகே பிடித்து, மறுபக்கம் பார்த்துக்கொண்டு விரைந்தார்கள்.

"உங்கள் ஜனம் இவனைக் கைவிட்டுவிட்டதா?" என்று சார்ஜன் கேட்டார். அவர் குரலில் முதல்முறையாகக் கவலையைக் கேட்டேன். "காலி சாலையிலிருந்து ஓர் ஆளைத் தூக்குவது கோழி பிடிப்பதைவிட எளிது."

"கைவிடவில்லை, துவான்" என்றேன். எனக்குக் காரணம் தெரியும். நல்ல ஆள் ஒருவன் தலைகுனிந்து நிற்கும் இடத்தில் நின்று பார்ப்பது எங்களுக்குள் பெரும் பாவம். கங்காணியிடம் அடிவாங்குகிறவனைப் பார்க்க நேர்ந்தால், பார்த்தவன்தான் முதலில் முகம் திருப்புவான். மறுநாள் அதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். அடிபட்டவனுக்கு நாங்கள் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான் இருந்தது. அதை முழு மனத்தோடு செய்துகொண்டிருந்தார்கள்.

அன்று பிற்பகலே அனுமதி பெற்றுக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அங்கமுத்துவின் மனைவி தைலம்மை லயத்து வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சின்னையா கங்காணியும் அங்கே இருந்தார். ஒரு காலத்தில் அதட்டல் மிகுந்தவர். மகனைச் சயாமுக்குக் கொடுத்த பின் குரல் இறங்கிப் போனவர்.

"எல்லாரும் சாலைப் பக்கமா வரணும், மாமா" என்றேன் கங்காணியிடம். "வந்து அண்ணனைப் பாக்கணும்."

"புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?" என்றார் அவர். "நானே சொல்லியிருக்கேன், அந்தப் பக்கம் ஒரு குஞ்சு போகக் கூடாதுன்னு. அவன் எவ்வளவு ரோசக்காரன். நம்ம பாக்கறோம்னு தெரிஞ்சா நாண்டுக்குவான்."

தைலம்மை சீவுவதை நிறுத்தவில்லை. "அவரு கைதியா குனிஞ்சு நிக்கறத நான் எந்தக் கண்ணால பாக்கறது, தம்பி? அவரு நிமுந்தா என் மொகத்துல முழிக்கணுமே. வேணாம். வந்தப்புறம் பாத்துக்கறேன்."

"நீங்க பாக்காட்டி வரமாட்டாரு, அண்ணி."

கத்தி நின்றது. சார்ஜன் சொன்னதை அப்படியே சொன்னேன். வெளியே இருக்கிற ஆள் ஊருடைய ஆள். பார்க்க ஊரில்லாவிட்டால் மேலே இருக்கிறவன் ஆள்.  தம் மகனை ஏற்றிய லாரிக்குப் பின்னால் கங்காணி போகவில்லை என்பதும், மகன் அழுவதைப் பார்க்கக் கூடாதென்று வீட்டுக்குள் இருந்துவிட்டார் என்பதும் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

"அந்த மலாய்க்காரரு இதைச் சொன்னாரா?" என்றார்.

"ஆமாங்க மாமா."

"நாளைக்குப் பெரட்டுல சொல்றேன்." காலையில் ஆள் எடுக்கும் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர். தைலம்மை எழுந்து உள்ளே போய் முகம் கழுவினாள்.

மறுநாள் அவளே முதலில் வந்தாள். அங்சானா மரத்தடியில் உட்கார்ந்தாள். கிழங்குக் கூடையை முன்னால் வைத்துக்கொண்டாள், விற்க வந்தவள் போல. அங்கமுத்து நிமிர்ந்தார், பார்த்தார், சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு வெட்டலானார். நெடுநேரம் அவள் கண்டது அந்த முதுகை மட்டுமே. ஆனால் அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போல நின்றார்கள். நானா தம் கடைப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து நிலையத்தைப் பார்க்கப் போட்டார்.

"கடையிலதான் திங்க ஒண்ணுமில்லே, ஒக்காந்து பாக்கவாச்சும் எடம் கொடுப்போம்" என்றார்.

களையெடுக்கும் கூட்டத்து ராக்கம்மா மட்டும் வாய் மூடவில்லை. "ஏ அங்கமுத்து, அந்தக் கோடியில ஒரு கொத்து விட்டுட்டியே! எங்க கேங்குல இருந்திருந்தா அரைப் பேருதான் போட்டிருப்பாங்க ஒனக்கு." அரைப் பேர் என்பது அரைநாள் கூலி; சாலையே சிரித்தது. புல்தரையிலிருந்த முதுகும் குலுங்கிற்று. அதன்பிறகு அவர் இந்தப் பக்கம் திரும்பி வெட்டினார்.

அந்த வாரத்திலேயே மேலேயிருந்து வந்தார்கள். கார் ஒன்று வந்து நின்றது. இராணுவப் போலீஸ் அதிகாரி ஒருவரும் சிப்பாய்களும் இறங்கினார்கள். நான் ஓடிப்போய் வணங்கி நின்றேன். "உப்புக்காரன் எங்கே?" என்று அதிகாரி கேட்டார். சார்ஜன் புல்தரையைக் காட்டினார். அதிகாரி அங்கமுத்துவின் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். பின்பு சாலையைப் பார்த்தார்.

"இந்தக் கூட்டம் ஏன்?"

"இவன் தோட்டத்தார், துவான். அனுமதியில்லாமல் சரக்குக் கடத்தினான், தண்டனை நடக்கிறது. பார்க்க வரச் சொன்னேன். இவர்களுக்கு அடியைவிடப் பார்வைதான் வலிக்கும்" என்றார் சார்ஜன். நான் மொழிபெயர்த்தேன். என் வாழ்நாளில் நான் மொழிபெயர்த்தவற்றுள் அவ்வளவு பொய்யும் அவ்வளவு உண்மையும் ஒரே வாக்கியத்தில் இருந்தது வேறில்லை.

அதிகாரி அங்கமுத்துவின் கன்னத்தில் அறைந்தார். மீண்டும் அறைந்தார். சாலையிலிருந்தோர் தலைகள் தாமாகவே கவிழத் தொடங்கியதை நான் கண்டேன். தைலம்மையின் தலை கவிழவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டு கங்காணி நிமிர்ந்தார், மற்றவர்களும் நிமிர்ந்தார்கள்.

"பொட்டலங்கள் காட்டுக்குத்தானே?"

"லயத்துக்குங்க" என்றார் அங்கமுத்து, வாயில் இரத்தத்தோடு.

அதிகாரி சாலைப் பக்கம் திரும்பினார். யாருக்கு உப்பு என்று கேட்கச் சொன்னார். நான் உரக்கக் கேட்டேன். அதற்குப் பதில் சொல்வது, நானும் இந்தக் குற்றத்தில் பங்காளி என்று ஒப்புக்கொள்வதாகும். அது எல்லாருக்கும் விளங்கிற்று.  சின்னையா கங்காணி முன்னால் வந்தார்.

"எனக்கு ஒண்ணுங்க" என்றார்.

தைலம்மை எழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கை, இன்னொரு கை. ராக்கம்மா எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எனக்கும் ஒரு பொட்டலம் வரணும். இன்னும் வரல. அதையும் கேட்டுச் சொல்லு, தம்பி."

அதிகாரி என்னைப் பார்த்தார். சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு என்று சொல்லத்தக்க ஒன்று வந்து போயிற்று. அங்கமுத்துவைக் கத்தியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும்படி உத்தரவிட்டார். உப்புப் பொட்டலங்களைக் காரில் ஏற்றச் சொன்னார். போய்விட்டார்கள். ஆளைக் கொண்டுபோகவில்லை.

கார் மறைந்த பிறகும் அங்கமுத்து கத்தியை இறக்கவில்லை. யாரேனும் சொல்வார்கள் என்று காத்திருந்தார். சார்ஜன் தாமே புல்தரையில் இறங்கிச் சென்று, அந்தக் கையைப் பிடித்து, மெல்லக் கீழே இறக்கினார். "பெலான்-பெலான்" என்றார்.

மேலேயிருந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டதால் இனி உள்ளே வைக்கவேண்டியதில்லை என்று, புல் முடிந்த நாளிலேயே சார்ஜன் அங்கமுத்துவை விடுவித்தார். ஆணியிலிருந்த அரைஞாணை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாசலில் நின்ற மனைவியிடம் அவர் கேட்டது, "எல்லாத்தையும் பாத்தியா?" என்பது. "பாத்தேன்" என்றாள். "சரி" என்றார். இருவரும் நடந்துபோனார்கள். சாலையின் வளைவு திரும்பும்வரை சார்ஜன் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வராந்தாவும், மரவள்ளிக் கஞ்சி மணக்கும் அந்தச் சீருடையும், பக்கத்தில் நிற்க எனக்குக் கிடைத்த அந்த இடமும் நெடுங்காலம் நிலைக்கும் என்றே அன்று எண்ணியிருந்தேன்.

நிலைக்கவில்லை. மழைக்காலம் போய் வெயில் வந்த சமயம், ஒரு காலையில் லாரி ஒன்று வந்தது. கைதி யாரையும் கேட்கவில்லை. சார்ஜனை வெளியே வரச் சொன்னார்கள். என்ன புகார் என்று எனக்குச் சொல்லவுமில்லை, மொழிபெயர்க்கச் சொல்லவுமில்லை. மொழி தேவைப்படாத காரியமாக அது இருந்தது. தொப்பியை எடுத்தார்கள். இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி மேசை மேல் எறிந்தார்கள். விறைப்பான சட்டை பெல்ட் இல்லாமல் தொளதொளவென்று தொங்க, அவர் திடீரென்று முதியவராகத் தெரிந்தார்.

எதிர்க்கடையில் நானா இதைக் கண்டார். அடுப்பையும் அணைக்காமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் விரைந்தார்.

நிலையத்துச் சாமான்களைக் குடைந்து பார்ப்பதில் சிப்பாய்களுக்கு நேரம் பிடித்தது. அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். பால்வாளியோடு சிலர், மண்வெட்டியோடு சிலர், வேலையைப் பாதியில் விட்டு வந்தவர்கள். சாலையின் இரு புறமும் நின்றார்கள். ஒருவரும் அழவில்லை, கும்பிடவில்லை. முகத்தை மறைக்கவில்லை. தைலம்மை அதே மரத்தடியில் நின்றாள். கங்காணி லாரிக்கு மிக அருகில் வந்து நின்றார். அங்கமுத்து, தாம் வெட்டிய, இப்போது மீண்டும் வளர்ந்துவிட்ட புல்லின் நடுவில் நின்றார்.

சார்ஜனை லாரியின் பின்புறம் ஏற்றினார்கள். நான் மேசையிலிருந்த பெல்ட்டை எடுத்தேன். அதைக் கம்பியறைப் பக்கமிருந்த ஆணியில் மாட்டாமல், வராந்தாத் தூணில், லாரியிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் மாட்டினேன். அவர் கண்டார். தலையை இலேசாக அசைத்தார். பிறகு சாலையில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாக, ஒருவரையும் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தார். அங்கமுத்துவின் முகத்துக்கு வந்து சேர்ந்தார்.

லாரி புறப்பட்டது.

"பெலான்-பெலான், துவான்" என்றார் அங்கமுத்து.

சார்ஜன் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

இரயில் பாதைகள் கூடும் கெமாஸ் வரை கொண்டுபோனதாகச் சொன்னார்கள். அங்கிருந்து இரயிலில் வடக்கே போனார் என்றார் ஒருவர். தெற்கே என்றார் இன்னொருவர். சண்டை முடிந்த பிறகு நான் கெமாஸுக்குப் போய், இரயில் வேலைக்காரர்களிடமும் கடைக்காரர்களிடமும் கேட்டேன். பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்த ஊருக்கு அவர் யாரோ. எவரும் பார்க்காத ஆளாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். எங்கள் ஊர் அவரைப் பார்த்தது. எங்கள் ஊரின் எல்லைவரைதான் எங்களால் பார்க்க முடிந்தது.

பார்த்தால் மட்டும் ஓர் ஆள் பிழைத்துவிடுவான் என்று நான் கூறவில்லை. அவ்வாறிருந்தால் அவர் திரும்பியிருப்பார். அதன் பிறகு நல்ல அதிகாரிகள் பலரிடம் வேலை செய்தேன். சட்டம் வந்தது, வழக்கறிஞர்கள் வந்தார்கள். அந்த இளம்பெண் சொன்ன யாவும் உண்மை, யாவும் வேண்டியவை. ஆயினும், "சுடா மாக்கான்?" என்று தொடங்கும் விசாரணை ஒன்றுக்கு மொழிபெயர்க்க வேண்டும் என்னும் ஆவல் எனக்கு வேலையில் இருந்த கடைசி நாள்வரை தீரவில்லை.

மகளைப் பார்க்கப் போகும் வழியில் இப்போதும் நான் கெமாஸில் இரயில் மாறவேண்டியிருக்கிறது. அடுத்த வண்டி வரும்வரை மேடையில் நின்று, எதிரே வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக, ஒருவரையும் விடாமல் பார்க்கிறேன். அவர் இருந்தால் இப்போது நடக்கவும் மாட்டாத வயது. அது எனக்குத் தெரியும். தெரிந்தே பார்க்கிறேன்.